வெள்ளித் தண்ணீர்

கோபித்துக்கொண்டு வந்தவளுக்குக் கை சும்மா இருக்காது. அம்மா வீட்டுக்கு வந்த இந்தச் சில நாளில் அலமாரிகளைத் துடைத்தாயிற்று, திரைச்சீலைகளைத் துவைத்தாயிற்று, இப்போது உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது. அம்மா அடுப்புப் பக்கம் நின்று காலையிலிருந்து அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். நீரடித்து நீர் விலகுமா, அவன்தான் வாய்த்துடுக்கில் ஏதோ சொல்லிவிட்டான் என்றால் நீயும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவதா, அதுவும் வேலை நெருக்குகிற இந்த மாதத்தில், என்று. மகள் கத்தியை இன்னும் அழுத்தினாள். பாவம் கிழங்கு, தோலோடு பாதிச் சதையும் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்குத் தெருவில் வெள்ளிக்காரி என்று பேர். வெள்ளி விற்கிறவள் இல்லை, போட்டுக்கொண்டு மினுக்குகிறவளும் இல்லை. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்குகிற கண்ணாடி உருண்டைகளுக்கு உள்பக்கம் வெள்ளி பூசுகிறவள். புருஷன் கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி ஊதுவார். உருண்டையும் அதன் நுனியில் ஒல்லியாக ஒரு வாலுமாக, சோப்புக் குமிழி மாதிரி இவள் கைக்கு வரும். வெள்ளி உப்பும் அமோனியாவும் கலந்த தண்ணீரை இவள் அந்த வால் வழியே கொஞ்சம் விட்டு, சர்க்கரைத் தண்ணீர் சேர்த்து, சுடுதண்ணீரில் முக்கி முக்கிக் குலுக்குவாள். உள்ளே முதலில் பழுப்பாகும், அப்புறம் கறுக்கும், ஐயோ கெட்டுவிட்டதே என்று நினைக்கிற நேரத்தில் சட்டென்று நம் முகம் தெரியும். அதற்கு மேல் நாத்தனார் சாயம் தீட்டுவாள். வாலை அறுத்து, மூடி போட்டு, கொக்கி மாட்டினால் உருண்டை பெட்டிக்குப் போய்விடும். வெள்ளி உப்பு பட்ட விரல் மறுநாள் கறுத்துப்போகும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, தோல் உரிந்தால்தான் உண்டு. கல்யாணமான புதிதிலிருந்து அவள் விரல் நுனிகள் கறுப்புத்தான்.

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அட்டைப்பெட்டிக்காரர். புருஷன் வீடு இருக்கிற தெருவுக்கெல்லாம் பெட்டி போடுகிறவர். பக்கத்துக் கடையில் சரக்கு இறக்க வந்தவர், இவள் இங்கே இருப்பது தெரிந்து எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், வாய்க்குத்தான் பூட்டு கிடையாது. தலையைத் துவட்டிக்கொண்டே யார் வீட்டில் எவ்வளவு சரக்கு தேங்கிக் கிடக்கிறது, எந்த வியாபாரி யாரிடம் கத்தினார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசியில் இவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"உன் வேலைக்கே வேட்டு வந்துருச்சும்மா. உன் வீட்டுக்காரர் இன்னைக்குத் தானே வெள்ளி பூசப் போறாராம். காலையில பெட்டி இறக்கும்போது சொன்னார். நீ கலந்து வச்ச தண்ணி சுவத்துப் பலகை மேல அப்படியே இருக்காம். எடுத்து நாலு குலுக்கு குலுக்கினா ஆச்சுன்னார்."

கத்தி அவள் கையிலிருந்து நழுவித் தண்ணீர்ச் சட்டிக்குள் விழுந்தது.

கொட்டவில்லை. அன்றைக்குக் கலந்ததை அவள் கொட்டாமலே வந்துவிட்டாள்.

மாமியார் உயிரோடு இருந்தபோது அவளுக்குச் சொன்ன முதல் பாடம் அதுதான். வெள்ளித் தண்ணீரைக் கலந்த அன்றைக்கே தீர்க்க வேண்டும். மிஞ்சினால் வினிகர் விட்டு முறித்துக் கொட்டிவிட வேண்டும். நாளைக்கு ஆகும் என்று எடுத்து வைத்தால் அது அடியில் கரி மாதிரிப் படியும். அந்தக் கரி பொல்லாதது. ஆட்டினால் வெடிக்கும், தட்டினால் வெடிக்கும், சில சமயம் சும்மா இருக்கும்போதே வெடிக்கும். இப்படித்தான் பின்தெருவில் ஒருத்தி, வெள்ளி வீணாகிறதே என்று ஆசைப்பட்டு எடுத்து வைத்து, ஒரு கையையும் இரண்டு கண்ணையும் கொடுத்தாள். மாமியார் அந்த வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தவர். அதற்குமேல் அந்தக் கதையை அவர் சொன்னதில்லை.

இது புருஷனுக்குத் தெரியாதா என்றால், தெரியும், ஆனால் தெரியாது. அந்தத் தெருவில் ஆண்கள் ஊதுவார்கள், பெண்கள் வெள்ளி பூசுவார்கள். ஊதுகிற ஆண் வெள்ளித் தண்ணீரைத் தொட்டதாகச் சரித்திரமே இல்லை. அவருடைய அம்மாவுக்கு நாளெல்லாம் கூடாதுகள்தான். விளக்கு வைத்தபின் பெருக்கக் கூடாது, நின்றுகொண்டு தண்ணீர் குடிக்கக் கூடாது, வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டக் கூடாது, கலந்த தண்ணீரை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. மகன் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார்.

அவள் முகத்தைப் பார்த்து அம்மா பயந்துபோனாள். விஷயத்தைச் சொன்னதும், போன் பண்ணித் தொடாதே என்று சொல்லிவிடேன் என்றாள். வெள்ளிக்காரி போனை எடுத்து எண்களை அழுத்தினாள். அழுத்திய வேகத்தில் வெட்டினாள். அந்தப்பக்கம் மணி போயிருக்காது, போயிருக்கக் கூடாது.

"அவர் போன் அந்தப் பலகை மேலதாம்மா இருக்கும். நெருப்புக்குப் பக்கத்துல வைக்கக்கூடாதுன்னு அங்கதான் வைப்பார். அடிச்சா அதிர்ந்து அதிர்ந்து நண்டு மாதிரி ஊர்ந்துக்கிட்டே போகும்."

சொல்லும்போதே இன்னொன்றும் அவளுக்கு நினைவுக்கு வந்தது. பலகைக்கு நேர் கீழேதான் மாமனாரின் கட்டில். மழைக்காலத்தில் வீட்டிலேயே கதகதப்பான இடம் ஊதுகிற அறைதான் என்று கட்டிலை அங்கே போட்டதே அவள்தான். பக்கத்து வீட்டாருக்குச் சொல்லலாமா? யாராவது பதறிப்போய் அந்த மரப்படியில் தடதடவென்று ஏறினால் அதுவே போதும். போகாமல் தீராது.

"அண்ணே, வண்டியை எடுங்க."

பெட்டிக்காரர் வேனை எடுத்தார். பாதையெல்லாம் பள்ளமும் தண்ணீரும். பின்னால் காலிப் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வந்தன. அவர் தானே குற்றம் செய்தவர் மாதிரி, எனக்கு என்னம்மா தெரியும், எனக்கு என்னம்மா தெரியும் என்று புலம்பிக்கொண்டே ஓட்டினார். அவள் காதில் எதுவும் விழவில்லை. ஒரே ஒரு சொல்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லால்தான் அவள் வீட்டை விட்டு வந்தாள்.

அன்றைக்குக் கண்காட்சி நடத்துகிற ஒரு அம்மாள் வீட்டுக்கு வந்திருந்தாள். கிறிஸ்துமஸ் அலங்காரங்களின் பழைய கதையையெல்லாம் சேர்த்து, படம் எழுத்து சாமான்களோடு மக்களுக்குக் காட்டப்போகிறாளாம். ரொம்ப மரியாதையானவள். அவள் சொன்ன கதைகள் வெள்ளிக்காரிக்குப் பிடித்துத்தான் இருந்தன. முன்காலத்தில் மரத்தில் நிஜப் பழமும் கொட்டையும்தான் கட்டித் தொங்கவிடுவார்களாம். பழம் வாங்க வக்கில்லாத ஒரு ஊதுகாரன் கண்ணாடியில் பழம் ஊதித் தொங்கவிட்டானாம். அது நிஜமா என்று நாத்தனார் கேட்டதற்கு, கதை நன்றாக இருக்கிறதல்லவா என்று சிரித்தாள். முதலில் உள்ளே ஈயத்தைத்தான் ஊற்றிச் சுழற்றினார்களாம், வெள்ளி அப்புறம்தான் வந்ததாம். இதையெல்லாம் வெள்ளிக்காரி வெந்நீர்த் தொட்டியில் உருண்டையைக் குலுக்கிக்கொண்டே கேட்டாள்.

பிறகு புருஷனின் முறை. மனுஷர் நாற்காலியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, பூட்டன் ஊதியதிலிருந்து ஆரம்பித்தார். பூட்டன் ஊதினார், தாத்தா ஊதினார், அப்பா ஊதினார், நான் ஊதுகிறேன், எல்லாம் மூச்சு, மூச்சில்தான் இருக்கிறது என்றார். அந்த அம்மாள் அவர் கைகளைப் படம் பிடிக்க இன்னொரு நாள் வருகிறேன் என்றாள். உள்ளே இந்த வெள்ளி எப்படி வருகிறது என்று அவள் கேட்டபோது, தொட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் சொன்ன பதில் இது: "அதுவா, அது பொம்பளைங்க வேலைங்க. குலுக்கினா போதும்."

அந்த அம்மாள் அதை எழுதிக்கொண்டாள். வெள்ளிக்காரி கறுத்த விரல்களை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டாள். வந்தவள் படி இறங்கிப் போகும்வரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்தாள். அவரும் திறந்தார். ஒன்றுக்கு ஒன்பதாகப் பேசி, கடைசியில் அவள் பையை எடுத்தாள். அந்த ஆத்திரத்தில் கலந்த தண்ணீரை மறந்தாள். மாமியார் இருந்திருந்தால், வாசல்வரை போனவளைக் கூப்பிட்டு, கொட்டிவிட்டுப் போடி என்றிருப்பார்.

தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தச் சொன்னாள். வேன் போனால் அந்தப் பழைய வீட்டின் ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுக்கும்.

கீழறையில் நாத்தனார் உருண்டைகளுக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. வெள்ளிக்காரி உதட்டில் விரலை வைத்தாள். ரகசியமாக, வெள்ளித் தண்ணீர்ப் பாட்டில் இன்னும் பலகை மேல்தானா என்றாள்.

"மேசையில இருந்தா தட்டி விட்டுருவோம்னு நீங்க போன அன்னைக்கே பலகை மேல தூக்கி வச்சேன் அண்ணி. கொட்டிரலாமான்னு கேட்டேன். அவ சாமானை எவளும் தொடக்கூடாது, அவளே வந்து எடுக்கட்டும்னு அண்ணன் கத்துச்சு. இப்ப அதுதான் எடுக்கப் போகுது. வெந்நீர்கூட வச்சாச்சு."

அவளே வந்து எடுக்கட்டும். இவள் வரமாட்டேன் என்று அங்கே உட்கார்ந்திருந்தாள், அவர் தொடமாட்டேன் என்று இங்கே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் வீம்பும் சேர்ந்து அந்தப் பாட்டிலைப் பழுக்க வைத்திருக்கிறது. அவள் செருப்பைக் கழற்றினாள். ஓரமாக மிதித்தால் படி முனகாது என்பது இத்தனை வருஷப் பழக்கத்தில் காலுக்குத் தெரியும். ஓரமாகவே ஏறினாள்.

மேலறையில் பூசாத உருண்டைகள் ஆணிப்பலகைகளில் வரிசை வரிசையாக வெறும் கண்ணாடியாய் நின்றன. தொட்டியில் ஆவி பறந்தது. மாமனார் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். கைக்கு எட்டுகிற இடத்தில் அவருடைய தடி. விழித்ததும் டீ வேண்டுமென்றால் அவர் வாயைத் திறந்து கேட்பதில்லை, தடியால் சுவரில் இடிப்பார். அந்தச் சுவரில்தான் பலகை. பலகையைத் தாங்குகிற ஒரு பக்கத்து இரும்பு ஆடிக்கொண்டிருக்கிறது, ஆணி அடியுங்கள் என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது. மேலே பாட்டில். மூடியில்லாத அகல வாய்ப் பாட்டில். உள்சுவரில் கறுப்பு வளையம், அடியில் புகைக்கரி மாதிரி ஒரு படிவு. பாட்டிலைத் தொட்டும் தொடாமலும் போன்.

புருஷன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பலகை முன்னால் நின்றார். அவளைப் பார்த்தார். முகத்தில் ஒரு கணம் வந்த சந்தோஷத்தைச் சட்டென்று துடைத்துப்போட்டார்.

"என்ன, வேலை நின்னு போச்சான்னு பாக்க வந்தியா? நிக்காது. எனக்கும் கை இருக்கு." சொல்லிக்கொண்டே பாட்டிலை நோக்கிக் கையை நீட்டினார்.

தொடாதீங்க என்று ஒரு சத்தம் அவள் தொண்டைவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள். இந்த மனுஷரிடம் வேண்டாம் என்றால் அது வேண்டும் என்று அர்த்தம். குடை எடுத்துப்போங்கள் என்றால் நனைந்துகொண்டு போவார். ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாம் என்றால் தரை மரத்தரை. அவளுக்கு வாழ்க்கையிலேயே கசப்பான ஒரு வார்த்தை மிச்சமிருந்தது, அதைச் சொன்னாள்.

"நீங்க சொன்னதுதாங்க சரி."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. கல்யாணமான நாளாய் அவர் அந்த வாக்கியத்தைக் கேட்டதில்லை.

"குலுக்கினா போதும். அதுக்கு எதுக்கு நீங்க? ஊதுற கை. வெந்நீர் சுட்டுருச்சுன்னா நாளைக்கு வேலை போச்சு. நான் பாத்துக்கறேன், நீங்க இப்படி வந்து உக்காருங்க."

சொல்லும்போது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரோ ஜெயித்த களையோடு, ஆனாலும் கொஞ்சம் சந்தேகத்தோடு, பலகையை விட்டு அவள் பக்கம் வந்தார். வந்ததும் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். காதோடு வாய் வைத்துச் சொன்னாள். அடியில இருக்கிற கறுப்பைப் பாருங்க. அத்தை சொல்லுவாங்களே, பின்தெருப் பொம்பளை. அதுதான் அது.

அவர் திரும்பிப் பாட்டிலைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"அம்மா சொன்னது... அது நிஜமா?"

"நிஜம். முதல்ல மாமாவைத் தூக்குங்க. மெதுவா."

அவள் முன்னால் போய்த் தடியை எடுத்தாள். அதில்தான் கிழவர் விழித்துக்கொண்டார். பாதித் தூக்கத்தில் அவர் கை தடியைத் தேடியது. கட்டில் விளிம்பைத் துழாவியது, கம்பளிக்கடியில் துழாவியது. இல்லை என்றதும் முஷ்டியை மடக்கிச் சுவரை இடிக்க ஓங்கினார். மகன் அந்த முஷ்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"டீ கீழ இருக்குப்பா."

"கீழ எதுக்குடா? என் தடி எங்க?"

மகன் அப்பாவைக் கம்பளியோடு முதுகில் ஏற்றிக்கொண்டார். நான் என்ன கைக்குழந்தையா என்று கிழவர் முணுமுணுக்க, படி ஒவ்வொன்றாக, ஓரத்தில் மிதித்து, அவர் இறங்கினார். ஒரு படி முனகியது. மேலே நின்றிருந்த வெள்ளிக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. கீழே பெட்டிக்காரர் குடை பிடித்தார். நாத்தனாரும் அவருமாகக் கிழவரை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அக்கம்பக்கத்தாரையும் தள்ளிப் போகச் சொல்லிப் பெட்டிக்காரரை அனுப்பினார்கள். அவர் வாயால் ஊருக்கு நடந்த ஒரே நன்மை அதுவாகத்தான் இருக்கும்.

புருஷன் திரும்பி மேலே வந்தார். அவளை வெளியே போகச் சொன்னார், தான் பார்த்துக்கொள்வதாக.

"என்ன பாத்துப்பீங்க?" என்றாள். "குலுக்குவீங்களா?"

அவர் தலை குனிந்தது. இது நான் கலந்தது, நான்தான் முறிக்க வேண்டும், நீங்கள் போய் மாமாவோடு இருங்கள் என்றாள். அவர் போகவில்லை. இந்த ஒரு தடவை வேண்டாம் என்றதை அவர் கேட்காமல் போனதில் அவளுக்கு உள்ளூர ஒரு ஆறுதல் இருந்தது, அதை மறைப்பானேன்.

அவர் பலகைக்கு அடியில் போய், ஆடுகிற இரும்பின் பக்கம் நின்று, இரண்டு உள்ளங்கையையும் பலகையின் அடியில் கொடுத்துத் தாங்கினார். அவர் முகத்துக்கும் பாட்டிலுக்கும் நடுவில் பலகையின் கனம்தான். அவள் முதலில் போனை எடுத்தாள். முட்டை எடுக்கிற மாதிரி எடுத்து, ஏப்ரன் பையில் போட்டு, அணைத்தாள். அடுப்படியிலிருந்து வினிகரைக் கொண்டுவந்து நிறையத் தண்ணீர் விட்டுக் கலந்தாள். மூலையில் சாத்தியிருந்த, ஊதுவதற்கான கண்ணாடிக் குழாய்களில் நீளமானதாக ஒன்றை எடுத்தாள். அதை வினிகர்த் தண்ணீரில் முக்கி, மேல்முனையை விரலால் அடைத்து, தூக்கிக் கொண்டுபோய், பாட்டிலின் உள்சுவரோரமாக நுனியை நிறுத்தி, விரலைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தினாள். ஒரு சொட்டு இறங்கியது. சுவரோடு வழிந்து கீழே போனது.

"மூச்சை இப்படி இரைக்காதீங்க," என்றாள்.

பிறந்ததிலிருந்து ஊதிப் பழகிய மனுஷர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். இன்னொரு சொட்டு. இன்னொன்று. மழை கூரையில் வலுத்தது. கண்ணாடி உருண்டைகள் எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. கறுப்பு வளையத்தின் ஓரம் மெல்லச் சாம்பல் நிறமாயிற்று. அவளுக்கு நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை.

நாலாம் தடவையோ ஐந்தாம் தடவையோ குழாயை வெளியே எடுக்கும்போது அதன் நுனி பலகையில் பட்டது. பூசும்போது சிந்திய வெள்ளித் தண்ணீர் ஒரு துளி, பாட்டிலின் அடியிலிருந்து ஒழுகி அங்கே காய்ந்து கறுத்திருக்கிறது. எள்ளளவு இருக்குமா, இருக்காது. சாட்டையை வீசினாற்போல் படீரென்று ஒரு சத்தம். குழாயின் நுனி தூளாகிப் போயிற்று. பலகையில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் புகைந்தது.

அவள் அசையாமல் நின்றாள். பாட்டில் இருக்கிறது. கை இருக்கிறது. கீழே பார்த்தாள். புருஷனின் கன்னத்தில் கண்ணாடிச் சிதறல் பட்டு ரத்தம் கோடாக வழிந்தது. அவர் கண்களை இறுக மூடியிருந்தார். ஆனால் பலகையைத் தாங்கிய உள்ளங்கைகள் மயிரிழைகூட நகரவில்லை. அந்த எள்ளளவுக்கே இவ்வளவு என்றால் பாட்டிலின் அடியில் கிடப்பதற்கு எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவர் போகவில்லை. அந்த மனுஷர்மேல் அவளுக்கு இருந்த கோபம் எல்லாம் அந்த இடத்தில் தீர்ந்தது என்று சொன்னால் பொய். பாதி தீர்ந்தது.

"இன்னொரு குழாய் எடுக்கறேன்," என்றாள். "விடாதீங்க."

"நீ பண்ணு."

மெல்ல மெல்லப் படிவு கலைந்தது. கறுப்பு சாம்பலாகி, சாம்பல் கலங்கலாகி, கலங்கல் தெளிந்து, கடைசியில் சுவரில் ஒட்டிய மினுக்கைத் தவிர வெறும் தண்ணீர் நின்றது. அப்போதும் அவள் நம்பவில்லை. வாய்வரை நிரப்பி, நெடுநேரம் அப்படியே விட்டு, பிறகுதான் இரண்டு கையாலும் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோய் மழையில் கொட்டினாள்.

திரும்பி வந்து பார்த்தால் அவர் இன்னும் பலகையைத் தாங்கிக்கொண்டே நின்றார். எல்லாம் முடிஞ்சதுங்க என்று அவள்தான் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட வேண்டியிருந்தது. இறக்கியதும் நடுங்க ஆரம்பித்தன. அவ்வளவு நேரம் அசையாத கை, இப்போது நிறுத்தினாலும் நிற்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கடியில் வைத்துப் பார்த்தார், அக்குளில் வைத்துப் பார்த்தார். அவள் கன்னத்து ரத்தத்தைத் துடைத்தாள்.

"கை நடுங்குது. இன்னைக்கு ஊத முடியாது," என்றார்.

ஆனால் வியாபாரியின் லாரி யாருக்காகவும் நிற்காது. பாட்டிலைக் கழுவி, புதிதாக அளவாக, இன்றைக்கு ஆகிற மட்டும் வெள்ளித் தண்ணீர் கலந்தாள். ஆணிப்பலகையிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து, உள்ளே விட வேண்டியதை விட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

"நடுங்குற கைதான் இதுக்கு வேணும். தொட்டியில முக்கிக்கிட்டே இருங்க. அதுவா குலுங்கும்."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கேலி செய்கிறாளா என்று தெரியவில்லை. கேலியும்தான், வேலையும்தான். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னாள், அவர் வழக்கம்போல் போட்டுக்கொள்ளவில்லை. உருண்டை பழுப்பானது, கறுத்தது. ஐயோ கெட்டுப்போச்சு என்றார் அவர். பொறுங்க என்றாள் இவள். சட்டென்று வெள்ளி விழுந்தது. ஒரு பக்கம் சரியாகப் படாமல் சிறு ஜன்னல் மாதிரி வெறும் கண்ணாடி தெரிந்தது. அவர் இன்னொன்றை எடுத்தார். அதிலும் ஒரு ஜன்னல். எப்படித் திருப்ப வேண்டும், எந்த நொடியில் நிறுத்த வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க இன்னும் வாய் வரவில்லை.

அப்போது சுவர் இடிபட்டது. டொக், டொக்.

இரண்டு பேரும் உறைந்துபோனார்கள். கையிலிருந்த உருண்டைகள் அந்தரத்தில் நின்றன. பலகையைப் பார்த்தார்கள். பலகை காலியாக இருந்தது. கட்டிலுக்குத் திரும்பி வந்துவிட்ட மாமனார்தான், கையில் தடியோடு, இந்த வீட்டில் ஒரு டீக்கு இவ்வளவு பாடா என்று முறைத்துக்கொண்டிருந்தார். புருஷன் எழுந்தார். கீழே போய் அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். கிழவர் அதையும் குறை சொல்லிக்கொண்டே குடித்தார்.

கண்காட்சி அம்மாள் படம் பிடிக்க வந்தது அடுத்த வாரம். வெளிச்சம் நன்றாக இருந்த ஒரு காலை. பலகைக்குப் புது இரும்பு அடித்திருந்தது. ஊதுகிற இடத்தில் அவரை உட்காரவைத்து, கைகளை முன்னால் நீட்டச் சொன்னாள். அவர் நீட்டினார். பத்து விரலும் நுனியில் கறுத்திருந்தன. உள்ளங்கையில்கூடத் திட்டுத் திட்டாகக் கறுப்பு.

தொட்டிப் பக்கம் நின்றிருந்த வெள்ளிக்காரி, போய்த் தேய்த்துக் கழுவிக்கொண்டு வரட்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். கழுவினால் போகாது என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள். கண்காட்சி அம்மாள் கேமராவை இறக்கினாள். இது என்ன கறை, போன தடவை இல்லையே, ஊதுவதால் வருவதா என்று கேட்டாள்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்து, அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டார்.

"அவகிட்ட கேளுங்க," என்றார். "எனக்குக் குலுக்க மட்டும்தான் தெரியும்."